விருந்தினர் சென்ற பின்: துப்புரவுக்கு நியாயமான கூலி எது?

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம்மவர் பழமொழி. இன்று திருவனந்தபுரத்தில் அப்பழமொழியே ஒரு தொழிலின் கணக்காகிவிட்டது. கோவளத்துக் கடலைக் காண வருவோர், பத்மநாப சுவாமியைத் தரிசிக்க வருவோர், மாசி மாதத்தில் ஆற்றுகால் அம்மனுக்குப் பொங்கலிட வருவோர், மெடிக்கல் காலேஜ் வட்டாரத்து மருத்துவ நிலையங்களுக்கு நோயாளியை அழைத்து வருவோர் எனப் பலரும் இரண்டு மூன்று நாள் தங்கிச் செல்கின்றனர். அவர்களுக்கென மாடியையோ பின்கட்டையோ நாள் வாடகைக்கு விடும் குடும்பங்களும் பெருகியுள்ளன. அக்குடும்பங்களில் நம் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவ்வீடுகளைக் கூட்டிக் கழுவித் துடைத்து அடுத்த விருந்தினருக்கு ஆயத்தமாக்கும் பெண்களிலும் நம்மவர் பலர் உண்டு. எனவே இத்தொழிலின் கூலியைப் பற்றி நாம் பேசுவது அயலார் வழக்கைப் பேசுவதன்று. நம் வீட்டு வழக்கையே பேசுவதாகும்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. குமரி மாவட்டத்திலிருந்து இங்குக் குடியேறிய இரு குடும்பங்கள்; விழா நாட்களில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டவர்கள். ஒரு குடும்பத்தினர் கோவளத்திற்கு அருகே இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும் கொண்ட மாடியை விருந்தினருக்கு விடுகின்றனர். மற்றக் குடும்பத்து அம்மையார் அதனைத் துப்புரவு செய்து வந்தார். ஒவ்வொரு முறைக்கும் கூலி முந்நூறு ரூபாய். விரிப்புகளைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்று வெளுத்துத் தருவதும் அதில் அடக்கம். மூன்றாண்டுகள் அவ்வாறே சென்றன. ஒரு நாள் அவர், “அக்கா, இனி ஐந்நூறு தந்தால்தான் எனக்குக் கட்டும்” என்றார். “நீயுமா இப்படிக் கேட்கிறாய்?” என்று வீட்டுக்காரர் வருந்தினார். சொல் தடித்தது. அவர் வேலைக்குச் செல்லவில்லை, இவரும் அழைக்கவில்லை. இருவரும் நம்மிடம் தனித்தனியே வந்து முறையிட்டனர். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. இருவரிடமும் கணக்கு மட்டும் இல்லை.

வேலை என்பது எவ்வளவு?

‘இரண்டு அறை கூட்டுவதுதானே’ என்று சொல்வது எளிது. விருந்தினர் காலை 11 மணிக்கு வெளியேறுகின்றனர். அடுத்தவர் 2 மணிக்கு வந்துவிடுகின்றனர். அந்த மூன்று மணி நேரத்திற்குள் விரிப்புகளைக் களைந்து புதியன விரிக்க வேண்டும். குளியலறை கழுவ வேண்டும். சமையலறையில் கிடக்கும் பாத்திரம் துலக்க வேண்டும். தரை துடைக்க வேண்டும். குப்பை பிரிக்க வேண்டும். வீட்டு வேலையில் இன்று விட்டதை நாளை செய்யலாம். இங்கு அவ்வாறு இயலாது. ஒரு தலைமுடி கிடந்தாலும் விருந்தினர் கைபேசிச் செயலியில் குறை எழுதிவிடுவார். அக்குறை வீட்டுக்காரரின் வருவாயையே பாதிக்கும்.

இவ்வூருக்கே உரிய தொல்லைகளும் உண்டு. கோவளக் கடற்கரையின் மணலில் இல்மனைட் கலந்திருப்பதால் இடத்துக்கிடம் கறுத்திருக்கும். காலோடு ஒட்டி வரும் அம்மணல் குளியலறைக் குழாயை அடைக்கும். வெள்ளை விரிப்பில் கறை வைக்கும். ஆயுர்வேத எண்ணெய்ச் சிகிச்சை பெற்றுத் திரும்புவோர் படுத்த விரிப்போ ஒரு முறை வெளுத்தால் போகாது. வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து ஊறவைத்துப் பிறகே கசக்க வேண்டும். எண்ணெய்ச் சிகிச்சைக்கு உகந்ததென்று கருதப்படும் கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி, பெருமழைக் காலம். கறையும் அப்போதே மிகுதி. துணி உலராமையும் அப்போதே மிகுதி.

குப்பையின் கதையும் இங்குத் தனி. விளப்பில்சாலையிலிருந்த மாநகரக் குப்பை ஆலை, ஊர் மக்களின் எதிர்ப்பினால் 2011இல் மூடப்பட்டது. அதன் பின் மக்கும் குப்பையை வீட்டிலேயே தீர்ப்பதும், பிளாஸ்டிக் முதலியவற்றைக் கழுவிப் பிரித்து ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் ஒப்படைப்பதும் வழக்கமாயிற்று. விருந்தினர் யாவற்றையும் ஒரே பையில் திணித்துச் செல்வர். அதனைப் பிரிக்கும் கை யாருடையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கும் அரைமணி நேரம் செல்கிறது.

ஊர்க் கூலியா, இவ்வூர்க் கூலியா?

கூலி பேசும்போது நம்மவர் செய்யும் முதற் பிழை, ஊர்க் கூலியை மனத்தில் வைத்து இவ்வூர் வேலைக்கு விலை சொல்வது. ரிசர்வ் வங்கி வெளியிட்ட புள்ளிவிவரத்தின்படி, 2021-22இல் விவசாயம் சாராத வேலை செய்யும் கிராமப்புற ஆணின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 681 ரூபாய் 80 காசு. தமிழ்நாட்டில் 462 ரூபாய் 30 காசு. இந்தியா முழுமைக்கும் 326 ரூபாய் 60 காசு. ‘எங்கள் ஊரில் இதற்கு இருநூறுதான்’ என்று வீட்டுக்காரர் சொல்வதும், ‘அங்கே கிடைப்பதற்கு இது மேல்’ என்று வேலை செய்பவர் தம்மைத் தேற்றிக்கொள்வதும் ஒரே பிழையின் இரு முகங்களே. வீட்டு வாடகையும் பால் விலையும் பஸ் கட்டணமும் இவ்வூர் அளவில் கொடுக்கிறோம்; கூலி மட்டும் எல்லைக்கு அப்பாலிருந்து வருமா?

மேலே கண்டது ஆண்களுக்குரிய கணக்கு என்பது உண்மையே. ஆனால் ஒரே வேலைக்கு ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி கூடாதென்று 1976ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. பெண் என்பதற்காகக் குறைப்பது நியாயமன்று.

ஒரு மாதிரிக் கணக்கு

அவ்விரு குடும்பத்தினரையும் எதிரெதிரே அமர்த்தி ஒரு தாளில் இக்கணக்கை எழுதினோம். நாட்கூலியை 682 ரூபாய் எனக் கொண்டு எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 85 ரூபாய். துப்புரவு மூன்று மணி நேரம். போக வர ஒரு மணி நேரம். ஆக நான்கு மணிக்கு 340 ரூபாய். பஸ் செலவு 40. இதுவே 380 ஆகிறது. விரிப்பு, தலையணை உறை, துவாலை ஆகியவற்றை வெளுத்து உலர்த்தி மடிக்க இரண்டு மணி நேரம், 170 ரூபாய். சோப்புக்கும் மின்சாரத்துக்கும் 40. ஆக மொத்தம் 590 ரூபாய். பினாயில், துடைப்பம் முதலியவை வீட்டுக்காரர் தருபவை. அவற்றை வேலை செய்பவரே கொண்டு வந்தால் அதற்கும் தனியே கூட்ட வேண்டும்.

இது சில ஆண்டுகளுக்கு முந்திய கூலியை வைத்து இட்ட கணக்கு. ஆதலால் இதனை அடித்தளமாகக் கொள்ள வேண்டுமே தவிர உச்சவரம்பாகக் கொள்ளலாகாது. மேலும், மூன்று மணி நேர வேலைக்காக ஒருவர் நடுப்பகலை விட்டுக்கொடுத்தால் அந்நாளில் வேறு முழு வேலைக்குச் செல்ல இயலாது. ஆட்டோவில் அரைக் கிலோமீட்டர் சென்றாலும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. 2022இல் கேரள அரசு அதனை 30 ரூபாய் என்று நிர்ணயித்தபோது, ‘சிறிது தூரந்தானே’ என்று எவரும் பாதி கொடுக்கவில்லை. துப்புரவுக்கும் அத்தகைய அடிப்படைக் கட்டணம் வேண்டும்.

தாளைக் கண்ட வீட்டுக்காரர் சற்று நேரம் பேசவில்லை. ஐந்நூறு என்ற சொல்லைக் கேட்டுச் சினந்தவர், ஐந்நூற்றுத் தொண்ணூறு என்ற எண்ணைத் தம் கையாலேயே கூட்டிப் பார்த்தார்.

வீட்டுக்காரர் பக்கம்

அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். விருந்தினரிடம் துப்புரவுக் கட்டணம் என்று தனியே 600 ரூபாய் அவர் வாங்கி வந்தார். எனினும் அதில் ஒரு பகுதி செயலி நிறுவனத்தின் கமிஷனுக்குச் செல்கிறது. சோப்பும் பினாயிலும் அதிலிருந்தே. மழைக்காலத்தில் மாடி பல நாட்கள் காலியாகக் கிடக்கிறது. வங்கித் தவணையோ காலியாகக் கிடப்பதில்லை. இவை யாவும் மெய். ஆயினும் துப்புரவின் பெயரால் வாங்கிய பணம் முதலில் துப்புரவு செய்தவருக்கே சேர வேண்டும். காலி நாட்களின் நட்டத்தை அறை வாடகையில் ஈடு செய்யலாம். ஏழைப் பெண்ணின் கூலியில் ஈடு செய்யலாகாது.

வேலை செய்பவருக்கும் கடமை உண்டு. வருவதாகச் சொன்ன நாளில் வராதிருப்பது, விருந்தினர் வாசலில் நிற்கும்போது கூலி பேசத் தொடங்குவது ஆகியவை முறையல்ல. இந்நகரத்தார் இதனை நன்கு அறிவர். சுமை தூக்காமலே கேட்கப்பட்ட ‘நோக்குகூலி’ என்ற வழக்கம் எத்தனை பகையை வளர்த்தது! 2018 மே முதல் நாளிலிருந்து அரசு அதனை ஒழித்தது. அதே வேளையில் சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குவோருக்கு, 1978ஆம் ஆண்டுச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. இன்ன சுமைக்கு இன்ன கூலி என்ற பட்டியலும் இருக்கிறது. பட்டியல் இருக்குமிடத்தில் பேராசைக்கும் இடமில்லை, பிச்சைக்கும் இடமில்லை.

தாளில் எழுத வேண்டியவை

வீட்டுக்காரரும் வேலை செய்பவரும் தொடக்கத்திலேயே ஒரு தாளில் சிலவற்றை எழுதிக்கொள்வது நலம். எத்தனை அறை, எத்தனை படுக்கை, கூலி எவ்வளவு. வெளுப்பு அதில் அடங்குமா. வழக்கத்திற்கு மீறி அழுக்காக்கிச் சென்றால் மணிக்கு எவ்வளவு கூடுதல். பொங்கல், ஓணம், தீபாவளி நாட்களில் எவ்வளவு கூடுதல். முதல் நாள் இரவுக்குப் பின் வேலையில்லை என்று சொன்னால் பாதிக் கூலி உண்டா. விருந்தினர் வர நேரமானால் காத்திருப்புக்கு என்ன. பொருள் உடைந்தோ காணாமலோ போனால் எவ்வாறு விசாரிப்பது என்பவையே அவை. இறுதியாகச் சொன்னதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வேலை தொடங்குமுன் அறையின் நிலையைக் கைபேசியில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டால், விருந்தினர் செய்த சேதம் வேலைக்காரர் தலையில் விழாது. ஆண்டுக்கு ஒரு முறை, சித்திரை முதல் நாள் என்று வைத்துக்கொண்டால் மறவாது, கூலியை மறுபடி பேச வேண்டும்.

அவ்விரு குடும்பங்களின் வழக்கு எவ்வாறு முடிந்தது என்று கேட்பீர்கள். வீட்டுக்காரர் படுக்கைக்கு மூன்று ஜோடி விரிப்புகள் வாங்கினார்: ஒன்று விரிப்பில், ஒன்று வெளுப்பில், ஒன்று அலமாரியில். வெளுப்பைச் சலவைக் கடைக்கு மாற்றினார். துப்புரவுக்கு மட்டும் 450 ரூபாய் என்று இருவரும் ஒப்பினர். அம்மையாருக்கு இரவில் துணி கசக்கும் இரண்டு மணி நேரம் மிஞ்சியது. பிள்ளையின் பாடத்தைப் பார்க்க அந்நேரம் உதவுகிறது என்றார். பழைய நெருக்கம் முற்றும் திரும்பிற்று என்று சொல்ல மாட்டோம். மூன்றாண்டுக் குறையை ஒரு தாள் ஆற்றிவிடாது. ஆனால் அடுத்த விழாவில் இருவரும் ஒரே வரிசையில் அமர்ந்திருந்ததைக் கண்டோம்.

பிழைக்க வந்த ஊரில் நமக்கு நாமே உறவு. அவ்வுறவின் பெயரால் கூலியைக் குறைப்பதைவிட, அவ்வுறவு நிலைக்கும்படி கூலியைக் கணக்கிட்டுக் கொடுப்பதே அழகு. வீட்டை விருந்தினருக்கு விடும் அன்பர்கள் இந்த வாரமே ஒரு தாளை எடுத்து, தம் வீட்டுத் துப்புரவுக்குச் செல்லும் மணி நேரத்தை எழுதிக் கூட்டிப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.