வேனுக்குள் தூளி வேண்டாமே

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணிக்கு வேன் பிடித்துப் போகும் குடும்பங்களில் கைக்குழந்தையும் இருக்கும், நடை பழகிய வாண்டும் இருக்கும். பாய், ஸ்டவ், புளிசாதத் தூக்கு, கூடவே ஒரு பழைய சேலை. வண்டி நகர்ந்ததும் கம்பியில் தூளி கட்டிவிடுவார்கள். ஆட்டவே வேண்டாம், பிள்ளை தூங்கிவிடும், உண்மைதான். ஆனால் திடீர் பிரேக்குக்குத் தூளி தாங்காது. வண்டி நின்ற பிறகு மரத்தடியில் கட்டிக்கொள்ளலாம். ஓடும்போது குழந்தைகளுக்கான தனி இருக்கைதான் பாதுகாப்பு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ அந்த இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். அம்மா மடியெல்லாம் சட்டத்தின் கணக்கில் வராது!

பால் கொடுக்க, வழியில் பல பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை உண்டு. 2015-ல் தமிழக அரசு தொடங்கியது. ஆறு மாதம் நிரம்பாத பிள்ளைக்கு எந்த வெயிலிலும் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலையே அடிக்கடி கொடுங்கள்.

தை, மாசி அறுவடைக் காலமென்றால் சாலையில் நெல்லும் வைக்கோலும் காயும். டயர் வழுக்கும். வைக்கோல் அச்சில் சுற்றிச் சூடேறினால் தீப்பிடிக்கவும் கூடும். டீக்கு நிறுத்தும்போது டிரைவரை வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.