கேமிங் லேப்டாப்: கார்டின் பெயரைவிட வாட் முக்கியம்

கடையில் இரண்டு லேப்டாப்கள். இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஸ்டிக்கர். ஒன்று ஒன்றரைக் கிலோ, இன்னொன்று இரண்டரைக் கிலோ. கார்டு ஒன்றுதானே, எடை குறைந்ததையே வாங்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் கனமானதில் சீராக ஓடும் கேம், மெலிந்ததில் திணறக்கூடும்.

ஒரே பெயர், வேறு வேகம் ஏன்?

4060 லேப்டாப் சிப்புக்கு என்விடியா வகுத்திருக்கும் மின் அளவு 35 முதல் 115 வாட் வரை. இதற்குள் எவ்வளவு கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிப்பாளர் முடிவு செய்கிறார். மெல்லிய உடலில் விசிறியும் சிறியது, சூடு வெளியேறும் வழியும் குறுகியது. அதனால் வாட்டைக் குறைத்துவிடுவார்கள். இந்த அளவைத்தான் டிஜிபி என்கிறார்கள். விளம்பரத்தில் 140 வாட் என்று இருந்தால், பிராசஸருக்கு வேலை குறைவான நேரத்தில் கார்டுக்குத் திருப்பிவிடும் 25 வாட் 'டைனமிக் பூஸ்ட்'டும் அதில் சேர்ந்திருக்கும்.

குறைந்த வாட்டில் ஓடும் 4070, முழு வாட்டில் ஓடும் 4060-இடம் தோற்பதும் உண்டு. அதற்காக வாட் கூடக்கூட வேகமும் அதே அளவில் கூடும் என்று நினைக்க வேண்டாம். 4060-இல் சுமார் 100 வாட்டைத் தாண்டினால் கூடுதல் பலன் சொற்பம். தூக்கிச் செல்ல லேப்டாப் தேடுபவருக்கு 80 முதல் 100 வாட் வரை நல்ல நடுவழி.

2017 முதல் சில ஆண்டுகள், குறைந்த வாட் சிப்களின் பெயரோடு 'மேக்ஸ்-க்யூ' என்ற ஒட்டு வந்தது. 2021-இல் 30 வரிசை வந்தபோது அந்த ஒட்டு பெயரிலிருந்து போய்விட்டது. இப்போது வாங்குபவர்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

டெஸ்க்டாப் கார்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. டெஸ்க்டாப் 4090-இல் 16,384 கோர்கள், 24 ஜிபி நினைவகம், 450 வாட். அதே பெயருள்ள லேப்டாப் சிப்பில் 9,728 கோர்கள், 16 ஜிபி. டெஸ்க்டாப் 4080-இல் உள்ள சிப்தான் இங்கே 4090 ஆகியிருக்கிறது. ஆகவே டெஸ்க்டாப் கார்டை வைத்து எடுத்த யூடியூப் சோதனைகளை நம்பி லேப்டாப் வாங்கக் கூடாது.

எத்தனை ஜிபி வேண்டும்?

ரேமையும் எஸ்எஸ்டியையும் பல மாடல்களில் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். கிராஃபிக்ஸ் சிப்பும் அதன் நினைவகமும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை; மாற்ற முடியாது. 4050-இல் 6 ஜிபி. 4060, 4070 இரண்டிலும் 8 ஜிபிதான். 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' கேம் குறைந்தபட்சத் தேவையாகவே 8 ஜிபி கார்டைக் கேட்டது. புதிய பெரிய கேம்கள் ஆடுவதானால் 8 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம். வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் போன்றவையே போதும் என்பவருக்கு 4050 தாராளம்.

திரையையும் பாருங்கள். 1920-க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560-க்கு 1600 திரையில் ஏறக்குறைய 41 லட்சம். கார்டின் சுமை அந்த அளவுக்குக் கூடும்.

சார்ஜரும் எடைதான்

பேட்டரியில் ஓடும்போது கார்டின் வாட் வெகுவாக இறங்கிவிடும். விமானத்தில் தடையின்றிக் கொண்டுபோக 100 வாட்-மணி என்ற வரம்பு இருப்பதால், பெரும்பாலும் அதற்கு மேல் பேட்டரி வைப்பதில்லை. கார்டும் பிராசஸரும் முழு வீச்சில் இயங்கினால் அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஆக, கேம் ஆட வேண்டுமானால் பெரிய சார்ஜரையும் பையில் சுமக்க வேண்டும். எடையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

மக்ஸ் சுவிட்ச் உண்டா என்றும் கேளுங்கள். அது இல்லாத லேப்டாப்பில் படம் பெரும்பாலும் பிராசஸரோடு வரும் கிராஃபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வரும். வேகம் சற்றுக் குறையும்.

வாட் எவ்வளவு என்று விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால், காட்சிக்கு வைத்த லேப்டாப்பிலேயே பார்த்துவிடலாம். என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பகுதிக்குப் போனால், கார்டின் உச்சபட்ச வாட் அங்கே எழுதியிருக்கும். பணம் கட்டும் முன் அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.