கடலில்லா நாட்டில் கடற்கல்வி

சுவிற்சர்லாந்துக்குக் கடல் இல்லை என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆயினும் சுவிஸ் கொடியுடன் சமுத்திரங்களில் ஓடும் கப்பல்களுக்குப் பாசல் நகரமே பதிவுத் துறைமுகம் என்பது நம்மவரிற் பலர் அறியாத செய்தி.

அக்கொடி பறக்க, 2015ஆம் ஆண்டு ஸ்பெயினின் செவில் நகரிலிருந்து ‘பிளேர் தெ பாசியோன்’ என்னும் பாய்மரக் கப்பல் புறப்பட்டது. 1941இல் ஜெர்மன் கடற்படைக்காகக் கட்டப்பட்ட, 33 மீற்றர் நீளமான கலம் அது. ஜெனீவாவின் ‘பசிபிக்’ அறக்கட்டளை அதனை மகெல்லன் சென்ற வழியே உலகைச் சுற்ற அனுப்பியது. 2019இல் அது செவிலுக்கே திரும்பிற்று. இடையில் விஞ்ஞானிகளும், இடர்ப்பட்ட சில இளையோரும் அதில் ஏறிப் பணிபுரிந்தனர்.

இத்தகைய கப்பலில் மாணவனின் நாள் காலையில்தான் தொடங்கும் என்றில்லை. காவல்முறை வந்தால் நள்ளிரவிலும் எழும்ப வேண்டும். சுக்கான் பிடித்தல், பாய் இழுத்தல், சட்டி கழுவுதல் எல்லாம் முறைப்படி நடக்கும். வயிற்றைப் புரட்டும் முதல் இரண்டு மூன்று நாட்களில் விஞ்ஞானம் பேசிப் பயனில்லை; அடிவானத்தைப் பார்த்தபடி சிறிது சிறிதாக நீர் அருந்துவதே நல்லது.

பிறகு வலை. திருக்கை மீன்போலச் சிறகு விரித்த இவ்வலையை நீர்மட்டத்தில் மெதுவாக இழுத்துச் செல்வர். கண்கள் மிக நுண்ணியவை. பிளாஸ்டிக் துணுக்குகள் சிக்கிவிடும். மாணவன் வலையைக் கழுவி, சேர்ந்ததைப் போத்தலில் அடைத்து, இடமும் நேரமும் எழுதி ஒட்ட வேண்டும். பெயர் எழுதாத இரத்த மாதிரி ஆஸ்பத்திரியில் எதற்கும் உதவாது, இதுவும் அப்படியே. நீருக்கடியில் ஒலி பதிவதற்கோ பாய்க்கப்பலே தோது. இயந்திரத்தை நிறுத்தினாற் கடலின் சத்தம் மட்டுமே கேட்கும்.

கடலின் நிறத்தையும் குறிக்கலாம். கருநீலம் முதற் கபிலம் வரை 21 நிறங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றுண்டு. நீலமாயின் உயிர்ப்பொருள் குறைவு. பச்சையாயின் பாசியினம் அதிகம். இதனை முதலில் வகுத்தவர் லெமான் ஏரிக்கரையிலுள்ள மோர்ஜ் ஊரில் 1841இற் பிறந்த பிரான்சுவா அல்போன்ஸ் பொரெல். பின்னர் ஜெர்மானியரான ஊலே அதனை விரித்தார். ஏரியில் பிறந்த அளவுகோல் சமுத்திரமெங்கும் சென்றது. பிள்ளை வைத்தியராகவே வேண்டும் என்றிருக்கும் பெற்றோர் கவனிக்க: பொரெல் மருத்துவம் படித்தவர், லோசானில் உடற்கூறு கற்பித்தவர். ஏரி அவரை இழுத்துக்கொண்டது.

‘கடற்படிப்பு சோறு போடுமா?’ என்பது நம் வீடுகளில் எழும் கேள்வி. வல்வெட்டித்துறையிற் கட்டிய ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல், தமிழ் மாலுமிகளுடன் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அக்கரையோரத்து மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று கடல் கோடை விடுமுறையோடு முடிந்துவிடுகிறது. அவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை, காட்டுவார்தான் இல்லை.

கப்பல் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கோடையில் பெரியவர் ஒருவர் துணையுடன் ஏரித்துறைக்குச் சென்று, வெள்ளைத் தட்டொன்றில் பாரமும் கயிறும் கட்டி நீரில் இறக்கட்டும். எத்தனையாவது மீற்றரில் அது கண்ணுக்கு மறைகிறது என்பதைத் திகதியுடன் கொப்பியில் எழுதட்டும். அடுத்த மாதம் அதே இடத்தில், அதே நேரத்தில் மீண்டும் இறக்கட்டும்.