அடுப்படி அப்பமும் மர்மக் காதற்கதையும்: ஆமிஷ் நாவல்கள் நமக்கு உணர்த்துவன

ஆங்கிலக் கிறிஸ்தவப் புத்தக உலகில் "ஆமிஷ் நாவல்" என்னும் ஒரு தனிவகை இன்று வேரூன்றி நிற்கிறது. தலையில் வெண்துணிக் குல்லாய் அணிந்த இளம்பெண், அவளுக்குப் பின்னே சோளக்கொல்லை, ஒரு குதிரைவண்டி; பெரும்பாலும் இதுவே அட்டைப்படம். உள்ளே ஒரு காதல், ஒரு கொலை அல்லது நெடுநாள் மறைக்கப்பட்ட ஓர் இரகசியம், இவற்றினிடையே அடுப்பிலிருந்து அப்பொழுதே எடுத்த அப்பத்தின் மணம். பல நூல்களின் கடைசிப் பக்கங்களில் பலகாரச் செய்முறையும் அச்சிடப்பட்டிருக்கும். வேலூர்க் கல்லூரிகளில் பயிலும் நம் சபைப் பிள்ளைகள் இவற்றைக் கைப்பேசியில் படித்துவிட்டு, பள்ளிகொண்டாவுக்கு வந்து, "ஐயா, இப்படியும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களா?" என்று ஆயரிடம் வினவுகின்றனர். அவ்வினாவுக்கு விடை கூறுவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். ஒரு சபையின் வாழ்வைக் கதையாக்குபவர் அச்சபைக்குக் கடன்பட்டவரா என்னும் வினாவை எழுப்புவது இரண்டாம் நோக்கம்.

1. ஆமிஷ் மக்கள் யார்?

1525ஆம் ஆண்டு சூரிச் நகரில், குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்து, விசுவாசத்தை அறிக்கையிடும் பெரியோருக்கே ஞானஸ்நானம் உரியது என்று சிலர் துணிந்தனர். "மறுஞானஸ்நானக்காரர்" என்று பழிக்கப்பட்டுக் கத்தோலிக்கராலும் சீர்திருத்தச் சபையாராலும் ஒருங்கே துன்புறுத்தப்பட்ட இம்மரபிலிருந்தே மென்னோனைட்டுச் சபைகள் தோன்றின. 1693இல் யாக்கோபு அம்மான் என்னும் மூப்பர், சபை விலக்கத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தியதால் பிளவு நேர்ந்தது. அவரைப் பின்பற்றியோர் அவர் பெயராலேயே ஆமிஷ் எனப்பட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்கள் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயரலாயினர். இன்று வட அமெரிக்காவில் அவர்களின் தொகை ஏறத்தாழ 4 இலட்சம். ஐரோப்பாவில் அவர்களுடைய சபை எதுவும் எஞ்சவில்லை.

"ஒர்ட்நுங்" எனப்படும் சபை ஒழுங்கு உடை, வண்டி, கருவி ஆகிய அனைத்தையும் வரையறுக்கிறது. மின்கம்பியை வீட்டுக்குள் இழுப்பதில்லை. மோட்டார் வண்டியைச் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை. இயந்திரத்தின்மேல் கொண்ட அச்சம் இதற்குக் காரணமன்று. அண்டை வீட்டாரிடமிருந்து நம்மைப் பிரிப்பது எது, அவர்களோடு நம்மைச் சேர்த்துவைப்பது எது என்று கேட்டே ஒவ்வொரு புதுமையையும் அவர்கள் எடைபோடுகிறார்கள். ஆலயக் கட்டடம் அவர்களுக்கு இல்லை. இரு வாரத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு குடும்பத்தின் வீட்டிலோ களஞ்சியத்திலோ கூடி ஆராதிக்கின்றனர்.

இம்மரபு இந்தியாவுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1899இல் அமெரிக்க மென்னோனைட்டு மிஷனரிமார் தம்தாரியில் ஊழியம் தொடங்கினர். தெலுங்கு நாட்டிலும் மென்னோனைட்டுச் சகோதரர் சபைகள் வளர்ந்துள்ளன. 1853இல் நிறுவப்பெற்ற ஆற்காட்டு மிஷனின் வழியாக ஒல்லாந்துச் சீர்திருத்த மரபைப் பெற்ற நம் வேலூர்ப் பகுதிச் சபைகளுக்கும், லுத்தரன் மரபைப் பெற்ற ஆம்பூர்ச் சபைகளுக்கும், அன்று நம் முன்னோடிச் சபையாரே இவர்களைத் துன்புறுத்தினர் என்னும் வரலாறு நினைவிருத்தல் தகும்.

2. அப்பத்தின் இடம்

ஆமிஷ் அடுப்படி விளம்பரத்துக்காகத் தோன்றியதன்று, ஆராதனையோடு பிணைந்தது. ஞாயிறு ஆராதனை ஏறத்தாழ மூன்று மணி நேரம் நடைபெறும். முடிந்தவுடன் கூடியிருப்போர் யாவருக்கும் உணவு பரிமாற வேண்டும். ஆகவே ஆராதனை நடைபெறும் வீட்டுப் பெண்களும் அண்டை வீட்டுப் பெண்களும் முன்கூட்டியே கூடி ரொட்டி சுடுகின்றனர். ரொட்டியும், அதன்மேல் பூசும் நிலக்கடலைக் கூழும், ஊறுகாயும், பாலாடைக்கட்டியும், காப்பியும் வழக்கமான உணவு. உலர்ந்த ஆப்பிள் துண்டுகளை வேகவைத்து மாவுக்கூட்டில் அடைத்துச் சுடும் "ஷ்னிட்ஸ் பை" என்பதும் பல இடங்களில் உண்டு. ஆப்பிளை உலர்த்தி வைப்பது, கரும்பு வெல்லப்பாகினால் "ஷூஃப்ளை பை" செய்வது ஆகியன பனிக்காலத்தைத் தாண்டவேண்டிய உழவர் குடும்பங்களின் சிக்கனத்தில் பிறந்தவை.

ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் திருவிருந்துக்கு முன் சபையார் ஒருவரோடொருவர் ஒப்புரவாகவேண்டும். சபையில் சமாதானம் இல்லையெனில் திருவிருந்தையே தள்ளிவைப்பதும் உண்டு. 1 கொரிந்தியர் 10:17இல் பவுல் அப்பத்தின் ஒருமையையும் சரீரத்தின் ஒருமையையும் பிணைத்துக் கூறுவதை இவ்வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். விலக்கப்பட்டவரோடு ஒரே மேசையில் உண்ணாதிருப்பதே ஆமிஷ் விலக்கத்தின் கூர்முனையாக இருப்பதும் இதனாலேயே. அப்பம் உறவின் அடையாளமாகும்போது, அப்பம் மறுக்கப்படுதல் உறவின் முறிவாகிறது.

3. நாவலின் தோற்றமும் பெருக்கமும்

1904இல் ஹெலன் மார்ட்டின் என்பார் வெளியிட்ட "டில்லி" என்னும் நாவல் பென்சில்வேனிய ஜெர்மானிய மக்களை மூடராகவும் கடின சித்தமுள்ளவராகவும் காட்டியது. ஆமிஷ் குடும்பத்தில் பிறந்த யோசேப்பு யோடர், தம் மக்களைப் பற்றிய திரிபுகளுக்கு மாற்றாக, தம் தாயின் வாழ்வை அடிப்படையாகக் கொண்டு 1940இல் "ரோசான்னா" கதையை எழுதினார். 1985இல் வந்த "விட்னஸ்" திரைப்படம், கொலையைக் கண்ட ஆமிஷ் சிறுவனையும், அவன் தாயை விரும்பும் காவல் அதிகாரியையும் காட்டி, மர்மமும் காதலும் கலந்த வாய்பாட்டை உலகெங்கும் பரப்பியது. ஆமிஷ் பெரியோர் சிலர் அதனை எதிர்த்தனர். 1997இல் பெவர்லி லூயிஸ் எழுதிய "தி ஷன்னிங்" பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. 2012ஆம் ஆண்டில் மட்டும் இவ்வகையில் எண்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் வந்ததாக, இதனை ஆராய்ந்த வேலரி வீவர்-சர்ச்சர் கணக்கிட்டுள்ளார். எழுதுவோரிலும் படிப்போரிலும் பெரும்பாலோர் ஆமிஷ் அல்லாத சுவிசேஷச் சபைப் பெண்கள் என்பது கருதத்தக்கது.

இவ்வாறு வெளியார் வாழ்வில் மர்மக் கதையை நுழைப்பது தமிழருக்குப் புதிதன்று. அன்றைய வடஆற்காட்டைச் சேர்ந்த ஆரணி குப்புசாமி முதலியார் ஐரோப்பிய மர்மக் கதைகளைத் தழுவித் தமிழ்ப் பெயரும் தமிழ் உடையும் அணிவித்துப் பெரும் வாசகக் கூட்டத்தைச் சேர்த்தார். அங்கு கடன் வாங்கப்பட்டது கதைப்பின்னல். ஆமிஷ் நாவலிலோ கடன் வாங்கப்படுவது உயிரோடு வாழும் ஒரு சபையின் பக்தி.

4. கதை மறைக்கும் இரண்டு உண்மைகள்

முதலாவது, விலக்கம். காதலுக்காக ஊரைவிட்டு ஓடும் பெண் உடனே விலக்கப்படுவதாகப் பல கதைகள் காட்டுகின்றன. மெய்யாகவோ, ஞானஸ்நானம் பெற்றுச் சபைமுன் வாக்குக் கொடுத்தவர் அவ்வாக்கை மீறும்போதே விலக்கம் பொருந்தும். ஞானஸ்நானம் பெறுமுன் சபையைவிட்டுச் செல்லும் இளைஞர்மேல் அது சுமத்தப்படுவதில்லை. மத்தேயு 18இலும் 1 கொரிந்தியர் 5இலும் அதற்கு ஆதாரம் தேடுகின்றனர். மனந்திரும்பி அறிக்கையிடுவோருக்குக் கதவு திறந்தேயிருக்கும். இம்முறை கொடுமையாக முடிந்த குடும்பங்களும் உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் சபை ஒழுக்கத்தை வெறும் கதைத்தடையாக மட்டும் காண்பது இறையியல் நோக்கில் குறையுடையது.

இரண்டாவது, வன்முறை. மர்ம நாவலில் குற்றம் நேர்ந்தால், குற்றவாளி பிடிபட்டுத் தண்டனை பெறுவதே முடிவு. 2006 அக்டோபர் 2ஆம் நாள் பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் என்னும் ஊரில் மெய்யாகவே ஒருவன் ஆமிஷ் பள்ளிக்குள் புகுந்து பத்துச் சிறுமியரைச் சுட்டான். ஐவர் மாண்டனர், அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டான். ஆமிஷ் அயலார் சில மணி நேரத்துக்குள் அவன் மனைவியையும் பெற்றோரையும் தேடிச்சென்று மன்னிப்பைக் கூறினர். தம் பிள்ளைகளை அடக்கம் செய்த பெற்றோரும் அவனுடைய அடக்கத்தில் கலந்துகொண்டனர். எந்த மர்ம நாவலின் கடைசி அத்தியாயத்திலும் அடங்காத முடிவு இது. பகைவரை நேசிக்கும் கட்டளையைத் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற சபைக்கே இது கைகூடும்.

5. நம்மிடையே ஒரு சான்று

சிறியதொரு கிறிஸ்தவச் சமூகத்துள் நிகழும் காதலையும் கொலையையும் விளம்பரமின்றி எழுத இயலுமா? இயலும் என்பதற்கு ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் வெளியிட்ட "புத்தம் வீடு" சான்று. குமரிமாவட்டத்துச் சீர்திருத்தக் கிறிஸ்தவக் குடும்பமொன்று அதன் களம். பருவமடைந்தவுடன் வீட்டுக்குள் அடைபடும் லிஸி என்னும் பெண்ணும், பனையேறும் குடும்பத்து இளைஞனான தங்கராஜும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். குடும்பத்துள் ஒரு கொலை நேர, பழி அவன்மேல் விழுகிறது. காதல், மர்மம், மூடிய சமூகம் ஆகிய அனைத்தும் இங்கே உள்ளன.

ஆயினும் வேறுபாடு பெரிது. ஆசிரியை அக்கிறிஸ்தவச் சமூகத்தைச் சேர்ந்தவர். அதன் பேச்சு அவர் செவியில் பழகியது. பனையும் பதநீரும் அங்கே அலங்காரமாக நிற்பதில்லை. யார் ஏறுகிறார், யார் ஏற்றுகிறார் என்னும் ஏற்றத்தாழ்வைக் காட்டுவனவாக நிற்கின்றன. சபைக்குச் செல்லும் குடும்பங்களுக்குள்ளும் அந்தஸ்து காதலை எவ்வாறு நெரிக்கிறது என்பதை அந்நூல் கூச்சலின்றி உணர்த்துகிறது. உள்ளிருந்து எழுதுதல் என்பது புகழ்ந்து எழுதுதலன்று என்பதற்கும் அது எடுத்துக்காட்டாகும்.

6. தோல் நிலத்துச் சபைகளுக்கு

நம் பாலாற்றங்கரையை எண்ணிப் பார்ப்போம். பள்ளிகொண்டா முதல் வாணியம்பாடி வரை நம் சபைக் குடும்பங்கள் பலவற்றின் உணவு தோல் பதனிடும் தொழிலிலிருந்தும், இன்று காலணித் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்களின் கூலியிலிருந்தும் வருகிறது. ஆவாரம்பட்டையால் பதனிட்ட காலம் போய்க் குரோம் உப்பு வந்தது. கழிவுநீர் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு நாடறிந்தது. எங்கோ வாழும் ஒருவர் இம்மக்களைப் பின்னணியாக்கி ஒரு காதல் மர்ம நாவல் எழுதி, தோல்வாசத்தை விசித்திரமாக வருணித்து, கடைசிப் பக்கத்தில் ஆம்பூர்ப் பிரியாணியின் செய்முறையையும் அச்சிட்டால் நாம் யாது உணர்வோம்? அந்த உணர்வே ஆமிஷ் நாவலை நாம் படிக்கும்போது துணையாக வேண்டும்.

மேலும், நம் மண்ணில் சாதி கடந்த காதலுக்கு உயிரே விலையான செய்திகளை நாம் அறிவோம். ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்களே திருமணப் பேச்சில் சாதியைக் கேட்கின்றன. ஆமிஷ் விலக்கத்தைக் கண்டு வியக்கும் நாம், பெயரிடப்படாமல் நம் சபைகளில் நடைபெறும் இவ்விலக்கத்தைக் காணத் தவறலாகாது. அவர்களுடையது குறைந்தபட்சம் வாக்கின்மேல் நிற்கிறது. நம்முடையது பிறப்பின்மேல் நிற்கிறது.

ரூத்தின் சரித்திரம் இங்கே வழிகாட்டும். "அப்ப வீடு" எனப் பொருள்படும் பெத்லகேமில் பஞ்சம் நேர்வதில் அது தொடங்குகிறது. அந்நியப் பெண் ஒருத்தி போவாசின் வயலில் அறுவடைக்காரரோடு அமர்ந்து அப்பம் உண்கிறாள். மூன்றாம் அதிகாரத்து இரவில், போரடிக்கும் களத்தில், என்ன நேருமோ என்னும் திகைப்பும் உண்டு. காதலும் திகைப்பும் அப்பமும் திருமறைக்குப் புறம்பானவை அல்ல. ஆனால் அங்கே திகைப்பு தீர்வது ஓர் அந்நியப் பெண் சபைக்குள் இடம் பெறுவதில்.

ஆகவே ஆயர்களும் இறையியல் மாணவரும் இந்நாவல்களைத் தடைசெய்ய வேண்டுவதில்லை. வாலிபர் கூடுகையில் ஆமிஷ் நாவல் ஒன்றையும் "புத்தம் வீடு" நூலையும் அருகருகே வைத்துப் படிக்கச் செய்யலாம். கதையில் யார் பேசுகிறார், யாருக்காக, அவ்வப்பத்தை யார் சுட்டார், யார் உண்டார் என்று கேட்கப் பழக்கலாம். பின்னர் காலணித் தொழிற்சாலையிலிருந்து மாலையில் திரும்பும் நம் சகோதரிகளின் கதையை அவர்களே எழுதுமாறு ஊக்குவிக்கலாம். அக்கதை எழுதப்படும் நாளில், அதைக் கேட்கத்தக்க செவியும், எழுதியவரைத் தன் மேசையில் அமர்த்தத்தக்க மனமும் சபைக்கு இருத்தல் வேண்டும்.