வேலையில் இருக்கலாமா, பேப்பர் போடலாமா? முதலில் எதிர்பார்ப்பை உயர்த்துங்க

அப்ரைசல் முடிந்ததும் பலருக்கும் வருகிற கேள்வி இது. அப்போது நம்மையே நாம் கேட்பது, "இங்கே தாக்குப்பிடிக்க முடியுமா?" என்றுதான். பழகிப்போனால் எதையும் தாங்கலாம் என்பதால், "முடியும்" என்றே பதில் வரும். அதனால் கேள்வியை மாற்றுங்க: இதே சம்பளம், இதே மேனேஜர், இதே ஷிஃப்ட்டோட இந்த வேலை இன்னைக்குப் புதுசா வந்தா, சேருவீங்களா?

ஏன் நகர மறுக்கிறோம்?

இருப்பதை அப்படியே விட்டுவிடும் மனப்போக்கை, வில்லியம் சாமுவேல்சன், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1988-லேயே ஆய்வில் காட்டினார்கள். ஸ்டீவன் லெவிட் இன்னொரு சோதனை செய்தார். முடிவெடுக்கத் தவித்தவர்களை இணையத்தில் நாணயம் சுண்டவைத்தார். 20,000-க்கும் அதிகமான முறை நாணயம் சுண்டப்பட்டது. பெரிய முடிவுகளில், மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தவர்களே ஆறு மாதம் கழித்துக் கூடுதல் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் இவர்கள் தாங்களாகவே முன்வந்து கலந்துகொண்டவர்கள். எல்லாருக்கும் இது அப்படியே பொருந்தும்னு எடுத்துக்க வேண்டாம்.

கேட்காமல் கிளம்பலாமா?

வேண்டாம். அதிருப்தி வந்தால் விலகலாம் அல்லது குரல் கொடுக்கலாம் என்று ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ல் எழுதினார். விலகும் வழி கையில் இருப்பவரின் குரலுக்கு மதிப்பு அதிகம். எனவே ரெஸ்யூமே தயாரா வச்சுக்கிட்டுப் பேசுங்க. "ஏதாவது பார்த்துப் பண்ணுங்க" என்று கேட்காமல், பதவி, சம்பளம், வேலை நேரம் மூன்றிலும் என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்க.

கணக்கும் முக்கியம்

நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி பெற பொதுவாக 5 ஆண்டு சேவை தேவை. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் ரூ.50,000 என்று வைப்போம். அதை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 5 ஆண்டால் பெருக்கினால் சுமார் ரூ.1.44 லட்சம். நாலரை வருஷம் முடிச்சிருக்கீங்களா? புதிய இடத்தில் மாதம் ரூ.15,000 கூடுதல் என்றால், ஆறு மாதத்துக்கு ரூ.90,000 மட்டுமே. காத்திருப்பது லாபம். ரூ.30,000 கூடுதல் என்றால் ரூ.1.8 லட்சம், கிளம்புவதே லாபம்.

பி.எஃப். பணத்தை எடுக்காமல் புதிய நிறுவனத்துக்கு மாற்றுங்க. தொடர் சேவை 5 ஆண்டு ஆகும் முன் எடுத்தால் பொதுவாக வரி வரும். மாற்றினால் பழைய சேவையும் கணக்கில் சேரும். நோட்டீஸ் காலம், திருப்பித் தர வேண்டிய ஜாயினிங் போனஸ் இரண்டையும் ஆஃபர் லெட்டரில் பாருங்க.

எப்போது இருக்கலாம்?

கேட்டதில் முக்கியமானது எழுத்தில் கிடைத்தால், கற்றுக்கொள்வது தொடர்ந்தால், தாராளமா இருக்கலாம். வீட்டு இஎம்ஐ, பெற்றோர் மருத்துவச் செலவு இருப்பவர்கள், கையில் ஆஃபரும் சில மாதச் செலவுக்குப் பணமும் இல்லாமல் விலக வேண்டாம். அதுக்காக எதிர்பார்ப்பைக் குறைச்சுக்க வேணாம். தேதியை மட்டும் தள்ளி வைங்க. நீங்க சொன்ன தேதி வந்தும் வெறும் வாக்குறுதிதான் கிடைத்தது என்றால், அதுவே உங்களுக்கான பதில்.