சாய இரசாயனமும் பேராசிரியர் வெங்கடராமனும்

ஆடையின் நிறம் சலவையில் வெளுக்காமல் நிற்க வேண்டும் என்பது நெசவாளர், வியாபாரி, துணி வாங்குவோர் ஆகிய எல்லோருடைய விருப்பமும் ஆகும். முதல் சலவையிலேயே சேலையின் சாயம் போய்விடுமானால், அதை நெய்தவரிடம் மீண்டும் துணி வாங்க எவரும் முன்வரமாட்டார். சாயம் நூலில் ஏன் பற்றுகிறது, ஏன் விட்டு விலகுகிறது என்னும் வினா இவ்வாறு பல குடும்பங்களின் பிழைப்போடு பிணைந்ததாகும். இத்தகைய வினாக்களை ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர், சென்னையில் பிறந்து பம்பாய் மாடுங்காவில் நெடுங்காலம் பணியாற்றிய பேராசிரியர் கிருஷ்ணசாமி வெங்கடராமன் ஆவார்.

அவுரியும் நிலக்கரித் தாரும்

பண்டைக் காலத்தில் அவுரி, சாயவேர், மஞ்சிட்டி, அரக்கு முதலிய பொருள்களே நம் நாட்டில் நிறம் தந்து வந்தன. 1856ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அனிலீனைக் கொண்டு ஊதா நிறச் சாயம் ஒன்றைத் தயாரித்தார். அதன்பின் ஜெர்மனியில் இத்தொழில் பெருவளர்ச்சி பெற்றது. 1897இல் செயற்கை அவுரிச் சாயம் விற்பனைக்கு வரவே, இந்தியாவின் அவுரிச் சாகுபடி நலிவுற்றது. துணி நெய்வதில் புகழ்பெற்ற நாடு, அதற்கு நிறமூட்டும் பொருளுக்கு அயல்நாட்டாரை எதிர்நோக்கும் நிலை ஏற்பட்டது. சாயங்களைத் தயாரிக்கும் முறைகளோ அந்நிய ஆலைகளின் இரகசியமாக இருந்தன.

கல்வியும் முதல் கண்டுபிடிப்பும்

வெங்கடராமன் 1901ஆம் ஆண்டு பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் இரசாயனம் பயின்று, பின்னர் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டரில் இராபர்ட் இராபின்ஸன் என்னும் பேரறிஞரிடம் ஆராய்ச்சிப் பயிற்சி பெற்றார். தாவரப் பொருள்களின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 1947இல் நோபல் பரிசு பெற்றவர் இந்த இராபின்ஸனே. தாயகம் திரும்பிய வெங்கடராமன் லாகூரில் ஃபோர்மன் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணியை மேற்கொண்டார்.

தாவரங்களில் காணப்படும் மஞ்சள் நிறப் பொருள்களில் ஒரு வகைக்கு ஃபிளேவோன்கள் என்று பெயர். அவற்றைச் செயற்கையாகத் தயாரிக்க எளிய வழி தேடிய வெங்கடராமனும் அவருடைய மாணவர் மஹலும் விந்தையான ஒரு மாற்றத்தைக் கண்டனர். மூலக்கூறு ஒன்றில் பிராணவாயு அணுவைப் பற்றிக்கொண்டிருந்த அணுத்தொகுதி, காரத்தின் முன்னிலையில் அதை விட்டுவிட்டு, அருகிலுள்ள கரி அணுவுக்கு இடம் மாறியது. இவ்வாறு கிடைத்த பொருளை அமிலத்தோடு வினைப்படுத்தினால் ஒரு நீர் மூலக்கூறு நீங்கி, வளையம் மூடிக்கொண்டு, ஃபிளேவோன் கிடைக்கிறது. இதே மாற்றத்தை 1933இல் இங்கிலாந்தில் வில்சன் பேக்கர் என்பவரும் தனியே கண்டறிந்தார். ஆதலால் இது உலகெங்கும் ‘பேக்கர்–வெங்கடராமன் மாற்றம்’ என்றே வழங்குகிறது. வசதிகள் குறைந்த ஒரு கல்லூரிச் சோதனைச்சாலையிலும் உலகம் போற்றும் ஆராய்ச்சி நடைபெறக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

மாடுங்காவில்

பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1933இல் இரசாயனத் தொழில்நுட்பத் துறையைத் தோற்றுவித்தது. நகரின் பருத்தி ஆலைகளுக்குச் சாயமேற்றும் கலையில் தேர்ந்தவர்களை உருவாக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. 1934இல் வெங்கடராமன் இத்துறையில் சேர்ந்தார். 1938இல் ஃபார்ஸ்டர் ஓய்வு பெற்றதும் அவரே இயக்குநரானார். இப்பதவியை வகித்த முதல் இந்தியர் அவரே. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்துவரும் மாடுங்காவில் 1943இல் இத்துறை தன் சொந்த இடத்தை அடைந்தது.

இங்கே அவர் சாயங்கள் நூலில் பற்றும் முறைகளை விரிவாக ஆராய்ந்தார். நேர்ச்சாயங்கள் நீரில் கரைந்து நூலில் ஒட்டிக்கொள்வன. ஆனால் சலவையில் எளிதில் விலகும். அவுரி போன்ற தொட்டிச் சாயங்கள் நீரில் கரையா. அவற்றை முதலில் வேறொரு வடிவத்திற்கு மாற்றிக் கரைத்து நூலில் ஏற்றுகின்றனர். காற்றுப் பட்டதும் அவை மீண்டும் கரையாத வடிவத்தை அடைந்து நூலுக்குள்ளேயே தங்குகின்றன. நாஃப்தால் வகையில் சாயமே நூலின்மேல் உருவாகிறது: நாஃப்தாலில் ஊறிய துணியை டயசோனியக் கரைசலில் தோய்த்தால், கரையாத நிறப்பொருள் நூலுக்குள் பிறக்கிறது. டயசோனிய உப்புக்கள் மிக வேகமாக வினைபுரிபவை. எனவே அவற்றைப் பனிக்கட்டியில் குளிரவைத்துக் கையாள வேண்டும். உலரவிட்டால் வெடிக்கவும் கூடும்.

இரகசியத்தைப் பொதுவுடைமையாக்கிய நூல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், நேச நாட்டு வல்லுநர்கள் ஜெர்மன் ஆலைகளைப் பார்வையிட்டு, அங்குள்ள தயாரிப்பு முறைகளை அறிக்கைகளாக வெளியிட்டனர். ஆனால் அவை சிதறிக்கிடந்த குறிப்புக்களாகவே இருந்தன. அவற்றையும் ஆராய்ச்சி ஏடுகளையும் ஒருங்கே திரட்டி, முறைப்படுத்தி, வெங்கடராமன் எழுதிய ‘செயற்கைச் சாயங்களின் இரசாயனம்’ என்னும் ஆங்கில நூல் 1952இல் இரு பெரும் பகுதிகளாக வெளிவந்தது. அது ரஷ்ய மொழியிலும் பெயர்க்கப்பட்டது. பின்னர் பல நாட்டு அறிஞர்களின் கட்டுரைகளோடு அவர் பதிப்பித்த தொகுதிகளையும் சேர்த்து, 1978க்குள் எட்டுப் பகுதிகள் நிறைவுற்றன. ஆலைச் சுவருக்குள் அடங்கிக்கிடந்த அறிவு, இவ்வாறு எந்நாட்டு மாணாக்கரும் படிக்கும் பாடமாயிற்று. அதே 1952இல் குஜராத்தின் அதுல் என்னும் இடத்தில் சாயத் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார்.

பலாவும் அரக்கும்

1957இல் வெங்கடராமன் புனேயிலுள்ள தேசிய இரசாயன ஆராய்ச்சிச் சாலையின் இயக்குநரானார். அங்கும் முதல் இந்திய இயக்குநர் அவரே. 1966 வரை அப்பொறுப்பை வகித்தார். பலா மரத்தின் வைரப் பகுதி மஞ்சள் நிறம் தருவதை நம் தச்சர்கள் அறிவர். அதிலுள்ள ஆர்ட்டோகார்ப்பின் முதலிய நிறப்பொருள்களின் அமைப்பை அவரும் அவருடைய மாணவர்களும் ஆராய்ந்தனர். அரக்குப் பூச்சி தரும் சிவப்புச் சாயத்தின் அமிலங்களுடைய அமைப்பையும் துலக்கினர். முன்னோர் கைப்பழக்கத்தால் அறிந்தவற்றுக்கு இரசாயன விளக்கம் கிடைத்தது. 1961இல் அவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது. 1981இல் அவர் காலமானார். மாடுங்காத் துறை 2008இல் தனிப் பல்கலைக்கழகத் தகுதி பெற்று, இன்று இரசாயனத் தொழில்நுட்பக் கழகமாகத் திகழ்கிறது.

தீராத ஒரு வினா

1956இல் இங்கிலாந்தில் வினைபுரி சாயங்கள் விற்பனைக்கு வந்தன. இவை நூலில் ஒட்டிக்கொள்வதோடு நில்லாமல், காரத்தின் உதவியால் பருத்தியின் செல்லுலோஸோடு இரசாயனப் பிணைப்பே பூண்டுவிடுகின்றன. ஆகவே சலவைக்கு நன்கு தாங்குகின்றன. வெங்கடராமன் பதிப்பித்த ஆறாம் பகுதி (1972) முழுவதும் இவ்வகைச் சாயங்களைப் பற்றியதே. ஆயினும் இவற்றில் ஒரு குறை உண்டு. நூலோடு வினைபுரியும் அதே சாயம், தொட்டியிலுள்ள நீரோடும் வினைபுரிகிறது. அவ்வாறு நீரோடு சேர்ந்த பகுதி நூலில் பற்றும் திறனை இழந்து, உப்போடு கலந்து கழிவாக வெளியேறுகிறது. திருப்பூர்ப் பகுதியில் நொய்யல் ஆறும் கிணறுகளும் கெட்டதையும், 2011இல் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் நாம் அறிவோம். உழவரின் நிலமும் தொழிலாளரின் கூலியும் ஒருங்கே பாதிக்கப்பட்டன. தொட்டியிலிடும் சாயத்தில் எவ்வளவு நூலில் ஏறுகிறது என்பது, எனவே, ஆற்றின் நலத்தையும் தீர்மானிக்கும் கணக்காகும்.

ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே ஒரு சிறு சோதனை செய்து காட்டலாம். வெங்காயத்தின் வெளித்தோலை நீரில் கொதிக்கவைத்து வடித்தால் மஞ்சள் கலந்த பழுப்புச் சாறு கிடைக்கும். அதிலுள்ள குவெர்செட்டின் ஃபிளேவோன்களின் நெருங்கிய உறவுப்பொருள். இரு வெள்ளைப் பருத்தித் துண்டுகளுள் ஒன்றை முன்னரே படிகார நீரில் ஊறவைத்து, இரண்டையும் அச்சாற்றில் தோய்த்து, பின்பு சோப்பினால் அலசுக. எதில் நிறம் மிகுதியாக நிற்கிறது, அலசிய நீரில் எவ்வளவு நிறம் கழிகிறது என இரண்டையும் மாணவர் குறித்துக்கொள்ளட்டும். துணியைப் போலவே கழிவு நீரையும் கூர்ந்து நோக்கப் பழகுவோரிடமிருந்தே, சாய இரசாயனத்தில் எஞ்சியுள்ள வினாவுக்கு விடை கிடைக்கும்.