பாத்தியில் உப்பை விளைவிப்பது வெயில் மட்டும் அல்ல

தூத்துக்குடி உப்பளங்களில் ஐப்பசி மழை இறங்கியதும் வேலை நின்றுவிடும். தை பிறந்ததும் பாத்திகளைச் செப்பனிட்டு மறுபடி தொடங்குவார்கள். அதன்பின் அளத்தில் எல்லோரும் வானத்தை மட்டுமல்ல, காற்றையும் பார்ப்பார்கள். ஒரே அளவு வெயில் அடித்தாலும், மலை தாண்டி வறண்ட மேல்காற்று வரும் நாளில் உப்பு வேகமாக இறங்கும். கடற்காற்று ஈரத்தோடு புழுங்கும் நாளில் இறங்காது. வெப்பத்தின் அளவை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. அதற்கு வெப்ப இயக்கவியலில் ‘கட்டிலா ஆற்றல்’ என்ற கணக்கு இருக்கிறது.

ஒரு பொருளில் அடங்கிய ஆற்றல் முழுவதும் வேலைக்கு உதவாது. வெப்பநிலையையும், ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபியையும் பெருக்கி வரும் பங்கைக் கழித்த பிறகு மிஞ்சுவதே கட்டிலா ஆற்றல். அமெரிக்கரான கிப்ஸ் 1876 முதல் 1878 வரை வெளியிட்ட நீண்ட ஆய்வில் இதை நிறுவினார். ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1882இல் அதற்கு இந்தப் பெயரைத் தந்தார். இந்தக் கணக்குக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. மூடிய கலத்தில் கன அளவு மாறாமல் நடப்பதற்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் சார்பு பொருந்தும். வானம் பார்த்த பாத்தியில் மாறாமல் இருப்பது காற்றழுத்தம்; ஆகவே நமக்கு வேண்டியது கிப்ஸ் சார்பு. அது குறையும் திசையில்தான் எந்த மாற்றமும் தானாக நடக்கும்.

உப்பு நீரில் கரையும்போது வெப்பத்தை வெளிவிடுவதில்லை, கொஞ்சம் உறிஞ்சுகிறது. ஒரு மோல், அதாவது 58.5 கிராம் உப்புக்கு ஏறத்தாழ 3.9 கிலோஜூல். அப்படியிருந்தும் கரைகிறது. அயனிகள் சிதறுவதால் என்ட்ரோபி கூடி, கட்டிலா ஆற்றல் 9 கிலோஜூல் அளவுக்கு இறங்குவதே காரணம். இன்னொன்றும் உண்டு. 100 கிராம் நீரில் சுமார் 36 கிராம் உப்பு கரையும். கொதிக்கவைத்தாலும் 39 கிராம்தான். குளிரவைத்து உப்பைப் பிரித்துவிட முடியாது. நீர் வெளியேறியே ஆக வேண்டும்.

நீரை வெளியேற்ற அதைக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை. பாத்தி நீரின் கட்டிலா ஆற்றல், காற்றில் உள்ள நீராவியைவிட அதிகமாக இருந்தால் போதும், அது ஆவியாகும். ஆனால் உப்பு கரையக் கரைய நீரின் கட்டிலா ஆற்றல் தாழ்கிறது. நீரின் உப்புச் செறிவைக் காட்டும் பாமே அளவியில் கடல்நீர் சுமார் 3 டிகிரி காட்டும். 25 டிகிரியில் உப்பு படியத் தொடங்கும். அந்தச் செறிந்த நீரும் காற்றும் ஒரே வெப்பநிலையில் இருந்தால், ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டும்போது ஆவியாதல் நின்றுவிடும். அதற்கு மேல் போனால் பாத்தியே காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். கடலோரத்தின் புழுக்கமான இரவுகளில் இதுதான் நடக்கிறது.

அதே அளவியில் 29, 30 டிகிரியில் மிஞ்சும் கசப்பு நீரை வடித்து வெளியேற்றுவதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. அதில் மக்னீசியம் குளோரைடு செறிந்திருக்கும். ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே அது காற்றிலிருந்து நீரை இழுக்கும். சரியாக வடிக்காத, கழுவாத உப்பு வீட்டு ஜாடியில் கசிவது அதனால்தான்.

இனி வெயிலுக்கு வருவோம். ஒரு டன் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 680 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. ஆனால் கடல்நீரிலிருந்து ஒரு டன் நன்னீரைப் பிரிக்கக் கட்டிலா ஆற்றல் கணக்கின்படி வேண்டிய குறைந்தபட்ச வேலை ஒரு யூனிட்டை ஒட்டியதுதான். சென்னையை அடுத்த நெம்மேலியில் உள்ளதுபோன்ற எதிர்ச் சவ்வூடு பரவல் ஆலைகள் பொதுவாக மூன்று, நான்கு யூனிட்டில் அதை முடிக்கின்றன. அப்படியானால் உப்பளம் வெயிலை வீணடிக்கிறதா?

இல்லை என்பேன். 5,800 கெல்வினில் ஒளிரும் சூரியனிலிருந்து வரும் கதிர்வீச்சு ஒரு ரூபாய் என்றால், அதில் 90 பைசாவுக்கு மேல் வேலையாக மாற்றத்தக்கது. அதே ஆற்றல் 40 டிகிரி செல்சியஸ் பாத்தி நீரின் வெப்பமாகிவிட்டால், 30 டிகிரி செல்சியஸ் காற்றுக்கு எதிரே அதன் மதிப்பு மூன்று பைசாதான். ஆற்றல் எங்கும் தொலையவில்லை; தரம் இறங்கியிருக்கிறது. ஒளித்துகள்களின் எண்ணிக்கை காக்கப்படுவதில்லை; வெப்பக் கதிர்வீச்சின் கிப்ஸ் கட்டிலா ஆற்றல் சுழியமாக இருப்பது அதனால்தான். சூரியனிலிருந்து பூமிக்கு வரும் ஒவ்வொரு துகளுக்கும் ஈடாக, சராசரியாக இருபது அகச்சிவப்புத் துகள்கள் விண்வெளிக்குத் திரும்புகின்றன. உப்பைப் பிரிக்க மூன்று பைசாவே தாராளம். மலிவான மண் பாத்தி இன்றும் தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

அந்தப் பாத்தியில் நிற்பவர்களின் உடலுக்கும் இதே விதிதான். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் ஏறினால் அது தோலிலேயே தங்கும். மேலே நேர்வெயில், கீழே வெள்ளை உப்பிலிருந்து எதிரொளிக்கும் ஒளி, இரண்டும் ஒருசேரக் கண்ணையும் தோலையும் தாக்குகின்றன. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ நாவலில் எழுதிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஒவ்வோர் அளத்திலும் நிழற்கூரை, குடிநீர், கறுப்புக் கண்ணாடி ஆகியவற்றைச் சலுகையாகத் தராமல் வேலை விதியாகவே ஆக்க வேண்டும். வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்த்தே வேலை நேரத்தை வகுக்க வேண்டும். அரசும் அள உரிமையாளர்களும் இதை அடுத்த தைக்கு முன்பே செய்ய வேண்டும்.